ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்'... குழந்தைக்கு ரத்தநாள அழற்சியா? ஆன்டிபாடி டெஸ்ட் சொல்வதும் சொல்லாததும்

இரவு பத்தரை மணிக்கு செல்போனில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. மேலே குழந்தையின் பெயர், வயது 6. கீழே வரிசையாக எண்கள். ஒன்றின் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'. டாக்டரைப் பார்க்க மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை எந்த அப்பா அம்மாவுக்குப் பொறுமை இருக்கும்? டெஸ்டின் பெயரை கூகுளில் போட்டால் முதல் பக்கத்திலேயே சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு என்று கொட்டுகிறது. வீட்டில் அன்றைக்கு யாருக்கும் தூக்கமில்லை. காலையில் டாக்டர் குழந்தையின் காலில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைத் தடவிப் பார்க்கிறார், சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார், கடைசியில் "இந்த டெஸ்டையே எடுத்திருக்க வேண்டாமே" என்கிறார்.

இன்னொரு வீட்டில் கதை தலைகீழ். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆறு நாட்களாகக் காய்ச்சல். டெங்கு நெகட்டிவ், டைஃபாய்டு நெகட்டிவ், ஆன்டிபாடி டெஸ்ட்களும் நெகட்டிவ். 'எல்லாம் நார்மல்தான், வைரல் ஃபீவராக இருக்கும்' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் குழந்தையின் கண் சிவந்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்களில் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டுமே எந்தக் குறிப்பிட்ட குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனால் குழந்தை மருத்துவரிடம் கேட்டால், 'இதுபோல நிறைய பார்த்திருக்கிறோம்' என்பார். முதல் வீட்டில் தேவையில்லாத பயம், இரண்டாவது வீட்டில் தேவையில்லாத தைரியம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆன்டிபாடி டெஸ்ட் என்ற ஒரு தாள், தன்னால் சொல்ல முடியாததையும் சொல்லும் என்று நம்பியது.

ஒரே பெயர், பல நோய்கள்

ரத்தநாள அழற்சியை மருத்துவர்கள் 'வாஸ்குலைடிஸ்' என்பார்கள். ரத்தக் குழாயின் சுவரை உடலின் எதிர்ப்பு மண்டலமே தாக்கி வீங்கவைப்பது. குழாய் சுருங்கினால் அந்த உறுப்புக்கு ரத்தம் குறையும், சுவர் பலவீனமானால் பலூன் மாதிரி உப்பும், சின்னக் குழாய் என்றால் ரத்தம் கசியும். எந்த அளவு குழாய், எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறிவிடும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுபவை இரண்டு: ஐஜிஏ வாஸ்குலைடிஸ், கவாசாகி. அரிதானவை ஒரு பெரிய பட்டியல். ஆன்கா வகை நோய்கள், டகயாசு, பாலிஆர்டிரைடிஸ் நோடோசா எல்லாம் அதில் வரும்.

'வாஸ்குலைடிஸா என்று பார்க்க ஒரு ஆன்டிபாடி டெஸ்ட்' என்று கேட்பது ஏன் சிக்கல் என்பது இங்கேயே தெரிந்துவிடும். அதிகம் வரும் அந்த இரண்டு நோய்களையும் உறுதிசெய்ய ஆன்டிபாடி டெஸ்ட் எதுவும் கிடையாது. நல்ல ஆன்டிபாடி டெஸ்ட் இருப்பது, மிக அரிதான ஒரு குடும்பத்து நோய்களுக்குத்தான்.

பெயரிலேயே ஆன்டிபாடி, டெஸ்டில் பயனில்லை

முதலில் ஐஜிஏ வாஸ்குலைடிஸ். பழைய பெயர் ஹெனோக்-ஷோன்லைன் பர்ப்யூரா. சளி, தொண்டைவலி வந்து போன ஓரிரு வாரங்களில், பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, கால்களிலும் புட்டத்திலும் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள் கிளம்பும். தடவினால் சற்று மேடாகத் தட்டுப்படும், அழுத்தினால் மறையாது. கூடவே மூட்டுவலி, வயிற்றுவலி. தமிழ்நாட்டில் தோலில் சிவப்புப் புள்ளி என்றாலே 'பிளேட்லெட் குறைஞ்சிடுச்சா, டெங்குவா?' என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்வி தப்பில்லை. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த நோயில் அது குறையாது.

ஐஜிஏ என்பது ஒரு வகை ஆன்டிபாடி. அது சின்ன ரத்தநாளங்களின் சுவரில் படிவதுதான் நோய்க்கு மூலம். அப்படியென்றால் ரத்தத்தில் ஐஜிஏ அளவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். தெரியாது. நோய் இருக்கும் குழந்தைகளில் பலருக்கு அளவு நார்மலாகவே இருக்கும். வேறு தொற்றுகளில் நோயே இல்லாமலும் கூடும். ஐஜிஏ மூலக்கூறில் ஒட்டியிருக்கும் சர்க்கரையில் ஒரு குறை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை அளக்கும் டெஸ்ட் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அன்றாட சிகிச்சைக்கு வரவில்லை.

இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தானாகவே தேறிவிடுவார்கள். கவனிக்க வேண்டியது சிறுநீரகத்தை. அதற்கு வேண்டியவை சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தம் பார்ப்பதும்தான், சுமார் ஆறு மாதங்களுக்கு விடாமல். புள்ளிகள் மறைந்ததும் 'சரியாயிடுச்சு' என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆன்டிபாடி பேனல் எடுத்த குடும்பம், நான்காவது மாதம் ஒரு சின்ன சிறுநீர் டெஸ்டுக்குப் போகாமல் விட்டுவிடும். (வயிற்றுவலி தாங்க முடியாமல் துடித்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ காத்திருக்கக் கூடாது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு.)

பிசிஜி தழும்பு சொல்லும் சேதி

1961 ஜனவரியில் டோக்கியோவில் டொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர், நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தனக்குத் தெரிந்த எந்த நோயோடும் பொருந்தாத அறிகுறிகளைப் பார்த்தார். தொடர்ந்து பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் வந்தது 1974-ல். 2020 ஜூனில் தன் 95-வது வயதில் அவர் காலமானபோதும், அவர் பெயரில் இருக்கும் நோய்க்குக் காரணம் என்ன என்பது உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லை. 60 வருடங்களுக்கு முன் அவர் செய்ததைத்தான் இன்றைய டாக்டரும் செய்கிறார்: குழந்தையைத் தலை முதல் கால் வரை பார்ப்பது.

ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். அதோடு ஐந்து அடையாளங்களில் நான்கு இருந்தால் கவாசாகி. பீளை தள்ளாமல் இரண்டு கண்களும் சிவப்பது, உதடு வெடித்து நாக்கு ஸ்ட்ராபெர்ரி மாதிரி சிவப்பது, உடம்பில் தடிப்பு, கை கால் வீங்கிச் சிவந்து பிறகு விரல் நுனியில் தோல் உரிவது, கழுத்தில் நெறிகட்டுவது. ஐந்தும் ஒரே நாளில் வந்து நிற்காது என்பதுதான் தந்திரம். திங்கட்கிழமை கண் சிவந்திருக்கும், வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது அது போயிருக்கும். அதனால் செல்போனில் எடுத்துவைத்த போட்டோ இங்கே நிஜமாகவே உதவும்.

இந்தியக் குழந்தைகளிடம் இன்னொரு தடயமும் உண்டு. பிறந்ததும் இடது தோளில் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு, கவாசாகி வந்தால் சில குழந்தைகளுக்குச் சிவந்து தடித்துக்கொள்ளும். பிசிஜி போடாத அமெரிக்காவில் இந்த அடையாளம் கிடைக்காது, இங்கே கிடைக்கும். காய்ச்சலில் கிடக்கும் கைக்குழந்தையின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பதற்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை.

கவாசாகிக்கும் ஆன்டிபாடி தேடாமல் இல்லை. ரத்தநாளத்தின் உள்சுவர் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், ஆன்கா என்று எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் இருந்தே தேடிப் பார்த்துவிட்டார்கள். சில குழந்தைகளிடம் கிடைத்தது, சிலரிடம் கிடைக்கவில்லை, வேறு காய்ச்சல் வந்த குழந்தைகளிடமும் கிடைத்தது. நம்பி மருந்து கொடுக்கும் அளவுக்கு எதுவும் நிற்கவில்லை. சிஆர்பி, ஈஎஸ்ஆர், பிளேட்லெட் போன்ற சாதாரண டெஸ்ட்களும் எக்கோவும்தான் டாக்டரின் சந்தேகத்துக்குத் துணை.

ஏன் இவ்வளவு அவசரம்? சிகிச்சை கொடுக்காவிட்டால் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு குழந்தைக்கு கரோனரி நாளம் பலூன் மாதிரி உப்பிவிடும். காய்ச்சல் தொடங்கி 10 நாட்களுக்குள் ஐவிஐஜி மருந்து ஏற்றினால் அந்த ஆபத்து சுமார் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. அந்த 10 நாளில், வராத பதிலுக்காக ஆன்டிபாடி ரிப்போர்ட்டை எதிர்பார்த்து மூன்று நாளைக் கழிப்பது சாதாரண விஷயம் அல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இன்னும் சிக்கல், அடையாளங்கள் முழுசாகத் தெரியவே தெரியாது. காரணம் புரியாத காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டினால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் கவாசாகியை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆன்கா: நல்ல டெஸ்ட், சரியான குழந்தைக்கு

இனி அந்த நான்கெழுத்துக்கு வரலாம். ஆன்கா என்பது, ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களின் உள்ளே இருக்கும் புரதங்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடி. 1982-ல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1985-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை, இன்று ஜிபிஏ என்று அழைக்கப்படும் நோயோடு இணைத்தார்கள். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் பதம்பார்க்கும் நோய் அது. எம்பிஏ என்று இன்னொன்றும் உண்டு, அது சிறுநீரகத்தை அதிகம் தாக்கும்.

குழந்தைகளிடம் இவை மிக மிக அரிது. வரும்போது பெரும்பாலும் பதின்வயதில், பையன்களைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகமாக வருகிறது. மாதக்கணக்கில் ஆறாத சைனஸ், மூக்கில் அடிக்கடி ரத்தம், மூக்குத்தண்டு உள்வாங்குவது, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்குவது, இருமலில் ரத்தம், டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர். இப்படி ஒரு குழந்தை வந்தால் ஆன்கா டெஸ்ட்டை அன்றைக்கே எடுக்க வேண்டும். சிறுநீரகம் சில வாரங்களில் கைவிட்டுப் போய்விடக்கூடிய நோய் இது. சில சமயம் ரிசல்ட்டுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்குவார்கள். ரிட்டுக்ஸிமேப் மருந்தை 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய்களில் பயன்படுத்த 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்றும் வழி இருக்கிறது.

டெஸ்ட் இரண்டு விதமாக நடக்கும். பழைய முறையில், கண்ணாடித் தகட்டில் நியூட்ரோஃபில்களை ஒட்டவைத்து, குழந்தையின் சீரத்தை ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல் முழுக்க ஒளிர்ந்தால் சி-ஆன்கா. நடுவில் இருக்கும் உட்கருவைச் சுற்றி மட்டும் ஒளிர்ந்தால் பி-ஆன்கா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உட்கருவைச் சுற்றிய அந்த ஒளிவட்டம், தகட்டைப் பதப்படுத்தப் பயன்படும் எத்தனாலின் கைவரிசை. எத்தனால் பட்டதும் புரதம் இடம்பெயர்ந்து உட்கருவைப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்தினால் அப்படி ஆகாது. போதாததற்கு, உட்கருவுக்கு எதிரான ஏஎன்ஏ என்ற வேறொரு ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தாலும் மைக்ரோஸ்கோப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும். பார்ப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் நம்பி நிற்கும் டெஸ்ட் இது.

இரண்டாவது முறையில், பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு குறிப்பிட்ட புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று எலைசா போன்ற முறையில் நேரடியாக அளப்பார்கள். ஜிபிஏ, எம்பிஏ சந்தேகத்துக்கு முதல் டெஸ்டாக இதையே எடுக்கலாம் என்று 2017-ல் சர்வதேச நிபுணர் குழு கருத்தொருமிப்பு வெளியிட்டது. ஆகவே ரிப்போர்ட்டில் வெறுமனே 'பி-ஆன்கா பாசிட்டிவ்' என்று இருந்து, பிஆர்3, எம்பிஓ இரண்டும் நெகட்டிவ் என்றால் ரத்தநாள அழற்சிக்கான சாட்சி ரொம்பவே பலவீனம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் நோயில் இப்படி வருவது சகஜம். இதய வால்வில் கிருமித்தொற்று, காசநோய், தைராய்டுக்குக் கொடுக்கும் புரோபைல்தையோயுராசில் மாத்திரை ஆகியவற்றோடும் ஆன்கா பாசிட்டிவ் பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் இதில் காசநோய்தான் தலைவலி. ஜிபிஏ நுரையீரலில் கட்டிகளையும் குழிகளையும் உண்டாக்கும். எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும். டிபி மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட்டும் சரியாகாமல், பிறகு ஜிபிஏ என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. மறுபக்கம், டிபி இருக்கும் குழந்தைக்கு ஆன்கா பாசிட்டிவ் வந்ததை மட்டும் நம்பி எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், டிபி கட்டவிழ்ந்து பரவும். அதனால்தான் இங்கே சளிப் பரிசோதனையும், முடிந்தால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் இல்லாமல் ஆன்டிபாடி ஒன்றை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது.

நெகட்டிவ் என்றாலும் கதை முடியாது. ஜிபிஏ இருந்தும் ஆன்கா நெகட்டிவாக வருபவர்கள் உண்டு. நோய் மூக்கு, சைனஸோடு நிற்கும் கட்டத்தில் அது இன்னும் அதிகம். ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும் ஈஜிபிஏ என்ற மூன்றாவது வகையில் பாதிப் பேருக்குக்கூட ஆன்கா இருப்பதில்லை.

கணக்கு எங்கே உதைக்கிறது?

'டெஸ்ட் 98 சதவீதம் சரியா சொல்லும்னா, பாசிட்டிவ் வந்தா 98 சதவீதம் நோய்தானே?' இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக மட்டும்.

உடம்புவலி, சோர்வு என்று வரும் 10,000 குழந்தைகளுக்கு டெஸ்ட் எடுக்கிறார்கள். அதில் 2 பேருக்குத்தான் நோய், டெஸ்ட் இருவரையும் பிடித்துவிடுகிறது. மீதி 9,998 பேரில் 2 சதவீதம், அதாவது சுமார் 200 பேருக்குத் தவறுதலாக பாசிட்டிவ் வரும். மொத்தம் 202 பாசிட்டிவ், நிஜ நோயாளி 2 பேர். நூற்றில் ஒருவர்!

அதே டெஸ்ட், அதே ஆய்வகம். இந்த முறை இருமலில் ரத்தம், சிறுநீரில் ரத்தம் என்று வந்த 100 குழந்தைகளுக்கு மட்டும். இவர்களில் 40 பேருக்கு நோய் இருக்கிறது, டெஸ்ட் 36 பேரைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத 60 பேரில் ஒருவருக்குத் தவறான பாசிட்டிவ். 37 பாசிட்டிவில் 36 நிஜம். டெஸ்டில் எதுவும் மாறவில்லை. யாருக்கு எடுத்தோம் என்பது மட்டும்தான் மாறியது.

ஏஎன்ஏ டெஸ்டில் இது இன்னும் மோசம். 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆரோக்கியமான பெரியவர்களில் 31.7 சதவீதம் பேருக்கு 1:40 அளவிலும், 5 சதவீதம் பேருக்கு 1:160 அளவிலும் ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தது. எந்த நோயும் இல்லாதவர்கள்! இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்காவின் குழந்தை வாதநோய் மருத்துவர்கள் 2013-ல், ஏஎன்ஏ பாசிட்டிவோடு நோய்க்கான அறிகுறியும் இருந்தால் ஒழிய ஆன்டிபாடி பேனல்களை எழுதாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்கே சொன்னார்கள்.

இங்கே நிலைமை வேறு. டாக்டர் சீட்டே இல்லாமல், ஆஃபர் விலையில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகும் காலம் இது. பேக்கேஜில் எத்தனை டெஸ்ட் என்பதுதான் விளம்பரமே. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது ஓரளவு சரியாக இருக்கலாம். குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட்டை அந்த வரிசையில் வைப்பது சரியல்ல. ரத்தநாள அழற்சிக்கான டெஸ்ட் என்றால், ஏன் எடுக்கிறோம், என்ன அறிகுறி என்று டாக்டர் ஒரு வரி எழுதினால்தான் ரத்தமே எடுப்போம் என்று ஆய்வகங்கள் ஒரு வாசல் வைக்கலாம். எந்தெந்த அறிகுறிக்கு ஆன்கா எடுக்கலாம் என்ற பட்டியலும் அந்த 2017 அறிக்கையிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வியாபாரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கான வாதநோய் நிபுணர்கள் நாடு முழுக்கவே குறைவாக இருக்கும்போது, தவறான பாசிட்டிவோடு வரும் ஒவ்வொரு குழந்தையும் நிஜமாகவே நோயுள்ள இன்னொரு குழந்தையின் அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடுகிறது.

கொரோனா கற்றுக்கொடுத்தது

2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில் இருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கொரோனா வந்துபோன சில வாரங்களில் குழந்தைகளுக்கு கவாசாகி மாதிரி கடும் காய்ச்சலும் அழற்சியும் வருகிறது என்று. 'மிஸ்-சி' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டே சென்னை டாக்டர்களும் தங்களிடம் வந்த குழந்தைகளைப் பற்றி 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். இதில் ஆர்டிபிசிஆர் பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும், ஏனென்றால் வைரஸ் போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஆன்டிபாடி டெஸ்ட்தான் 'ஆமாம், இந்தக் குழந்தைக்குக் கொரோனா வந்திருந்தது' என்று சொன்னது. ஊரில் வெகு சிலருக்கே தொற்று வந்திருந்த அந்தச் சமயத்தில் அது உண்மையிலேயே பெரிய துப்பு.

ஒரு வருடம் கழித்து? 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நடத்திய தேசிய அளவிலான நான்காவது ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பேருக்கும் ஆன்டிபாடி இருந்தது. வெளியில் கிரிக்கெட் ஆடும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் பாசிட்டிவ் என்றால், ஐசியூவில் இருக்கும் குழந்தைக்கும் பாசிட்டிவ் என்பது என்ன சொல்லிவிடும்? அதற்குப் பிறகு தடுப்பூசியும் வந்தது. தடுப்பூசி போட்டவர்களிடம் ஸ்பைக் ஆன்டிபாடி இருக்கும், நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி இருந்தால் அது தொற்றால் வந்தது என்று பிரித்துப் பார்க்கும் வழியை மேலைநாடுகள் வைத்திருந்தன. 2022 ஜனவரி 3 முதல் இங்கே 15 முதல் 18 வயதினருக்குப் போடப்பட்டது கோவாக்சின். முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி அது. இரண்டு ஆன்டிபாடியையும் உண்டாக்கும். அந்த வழியும் அவர்களிடம் அடைபட்டது.

டெஸ்டின் தரம் குறையவில்லை. சுற்றியிருக்கும் ஊர் மாறிவிட்டது.

விரலும் பிபி பட்டையும்

டகயாசு நோய்க்கு வேலைக்காகும் ஆன்டிபாடி டெஸ்டே கிடையாது. இதயத்தில் இருந்து கிளம்பும் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் நோய். இந்தியக் குழந்தைகளிடம் சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் எகிறுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தலைவலி, சோர்வு, விட்டு விட்டுக் காய்ச்சல் என்று ஒரு பத்து வயதுப் பெண் வருடக்கணக்கில் கண்ணாடிக் கடைக்கும் கிளினிக்குக்கும் அலைவாள். இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்து, நான்கு கை கால்களிலும் பிபி எடுத்திருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். குழந்தைக்குப் பொருந்தும் சின்ன பிபி பட்டை எத்தனை கிளினிக்கில் இருக்கிறது?

பாலிஆர்டிரைடிஸ் நோடோசாவும் அப்படித்தான், ஆன்கா நெகட்டிவாகவே இருக்கும். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நிஜக் காரணம் ஏடிஏ2 என்ற என்சைம் குறைபாடு, அது மரபணு சார்ந்தது என்று 2014-ல் தெரியவந்தது. சின்ன வயதிலேயே பக்கவாதம், உடம்பில் வலைப்பின்னல் மாதிரி ஊதா நிறக் கோடுகள் இருந்தால் தேட வேண்டியது அந்த என்சைமை.

ஊசி ஏற்றும் முன்பா, பின்பா?

கடைசியாக, பெரிய ஆஸ்பத்திரிகளில்கூடச் சில சமயம் நழுவிவிடும் ஒரு விஷயம். கவாசாகிக்குக் கொடுக்கும் ஐவிஐஜி என்பதே ஆன்டிபாடிதான். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவில் இருந்து பிரித்தெடுத்தது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில், 15 கிலோ குழந்தைக்கு 30 கிராம் ஏறும். அதற்குப் பிறகு எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் யாருடைய ரத்தத்தைச் சொல்கிறது? தானம் கொடுத்தவர்களுக்குக் கொரோனா வந்திருந்தாலும் பாசிட்டிவ், ஹெபடைடிஸ்-பி தொடர்பான ஆன்டிபாடி இருந்தாலும் பாசிட்டிவ். குழந்தைக்கு வராத நோயெல்லாம் ரிப்போர்ட்டில் வரும். எடுக்க வேண்டிய ஆன்டிபாடி டெஸ்ட் எதுவானாலும் ஐவிஐஜி ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவைக்க வேண்டும். ஈஎஸ்ஆர் கூட இந்த மருந்தால் ஏறிவிடும். குழந்தை தேறுகிறதா என்று பார்க்க சிஆர்பிதான் சரி.

இதே காரணத்தால் தடுப்பூசி அட்டையிலும் மாற்றம் வரும். வெளியில் இருந்து ஏற்றிய ஆன்டிபாடிகள் உடலில் சுற்றும் வரை தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. ஐவிஐஜி கொடுத்து 11 மாதம் கழித்துத்தான் போடச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவினால் டாக்டர் முன்கூட்டியே போட்டுவிட்டுப் பிறகு திரும்பப் போடலாம். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை. அரசு அட்டவணைப்படி எம்ஆர் ஊசி போடும் 9 முதல் 12 மாதம், 16 முதல் 24 மாதம் என்ற வயதில்தான் கவாசாகியும் அதிகம் வருகிறது. அங்கன்வாடியில் ஊசி போட வரும் செவிலியருக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது தெரிய வழியில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றைக்கே, ஐவிஐஜி ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.